சான் டியாகோவை விட்டுப் போகலாமா காமிக்-கான்?

2023 ஜூலையில் கமல்ஹாசனும் பிரபாஸும் ராணாவும் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒரே மேடையில் ஏறினார்கள். அதுவரை ‘புராஜெக்ட் கே’ என்று மட்டும் பேசப்பட்டுவந்த படத்துக்கு ‘கல்கி 2898 ஏ.டி.’ என்று பெயர் சூட்டியது அங்கேதான். இந்தியப் படம் ஒன்று அங்கே இப்படி அறிமுகமானது அதுவே முதல் தடவை. அந்த வருடம் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஸ்டுடியோக்கள் வழக்கமாக இறக்கும் நட்சத்திரப் பட்டாளம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியும் கூட்டம் குறையவில்லை. வேடமிட்டவர்களும், பழைய இதழ்களைத் தேடி அலைகிறவர்களும், பிள்ளைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்களுமாக அரங்கம் நிரம்பியது.

சான் டியாகோ காமிக்-கான் என்ற அந்த காமிக்ஸ், சினிமா ரசிகர் திருவிழாவை வேறு ஊருக்கு மாற்ற வேண்டுமா, கூடாதா என்ற பேச்சு பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஓய்ந்தபாடில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கூப்பிட்டது. டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைம் கூப்பிட்டது. லாஸ் வேகஸின் பெயரும் அவ்வப்போது அடிபடுகிறது. ஒப்பந்தம் முடியும் நேரம் நெருங்கும்போதெல்லாம் சான் டியாகோ நகரசபைக்கு வயிற்றைக் கலக்கும். 2024-ஆம் ஆண்டுத் திருவிழாவால் ஊருக்குக் கிடைத்த பொருளாதாரப் பலன் சுமார் 16 கோடி டாலர் என்று அங்குள்ள கண்காட்சி மையமே மதிப்பிட்டது. நான்கு நாள் கூத்துக்கு இவ்வளவு என்றால் யாருக்குத்தான் விட மனம் வரும்?

ஹோட்டல் அடித்தளத்தில் பிறந்த பிள்ளை

இதன் பூர்வீகம் படு எளிமையானது. டெட்ராய்ட்டில் காமிக்ஸ் ரசிகர் கூட்டங்களை நடத்திப் பழகியவர் ஷெல் டார்ஃப். சான் டியாகோவுக்குக் குடிவந்தவர், அங்கே காமிக்ஸ் பைத்தியமாகத் திரிந்த பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டார். 1970 மார்ச் 21 அன்று யு.எஸ். கிராண்ட் ஹோட்டலில் ஒரு நாள் கூட்டம் நடத்திப் பார்த்தார்கள். அந்தக் காசில் அதே ஆகஸ்டில் மூன்று நாள் மாநாடு. வந்தவர்கள் சுமார் 300 பேர். ஆனால் விருந்தினர் பட்டியலைப் பாருங்கள்: மார்வெலின் பாதி உலகத்தை வரைந்த ஜாக் கிர்பி, எழுத்தாளர்கள் ரே பிராட்பரி, ஏ.இ. வான் வோக்ட். முன்னூறு பேருக்கு இப்படி மூன்று பேர் வந்து உட்கார்ந்து பேசிய காலம் அது.

பிறகு பல்கலைக்கழக வளாகம், எல் கோர்ட்டெஸ் ஹோட்டல், நகர மையத்தின் கலையரங்கம் என்று ஊருக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருந்தது. 1976-இல் விளம்பர அதிகாரி சார்லஸ் லிப்பின்காட் என்பவர் இன்னும் வெளிவராத ஒரு படத்தைப் பற்றி ஸ்லைடு போட்டுக் காட்டினார். அடுத்த வருடம் வெளியான அந்தப் படம் ‘ஸ்டார் வார்ஸ்’. அதை எடுத்த ஜார்ஜ் லூகாஸ் இந்தத் திருவிழாவின் மேடைக்கு முதன்முதலாக நேரில் வந்ததோ 2025-இல்தான்!

1991-இல் கடலோரத்தில் புதிதாகக் கட்டிய கண்காட்சி மையத்துக்குக் குடிபோனார்கள். ஒரு பக்கம் விரிகுடா, மறுபக்கம் ஹார்பர் டிரைவ் சாலை, அதை ஒட்டி ரயில் பாதை. தண்டவாளத்தைத் தாண்டினால் கேஸ்லாம்ப் குவார்ட்டர் என்ற பழைய கடைத்தெரு. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காமிக்-கானின் வரமும் சாபமும் அதில்தான் இருக்கின்றன.

கட்டிடத்தை 2001-இல் பெரிதாக்கினார்கள். அப்போது கிடைத்ததுதான் சுமார் 6,500 பேர் உட்காரும் புகழ்பெற்ற ‘ஹால் ஹெச்’. மார்வெலும் டிசியும் தங்கள் படங்களை அறிவிக்கும் சன்னிதானம். 2024-இல் ராபர்ட் டவுனி ஜூனியர் முகமூடியைக் கழற்றி, இனி தான்தான் டாக்டர் டூம் என்று சொன்னது அங்கேதான். உள்ளே இடம் பிடிக்க முதல் நாள் இரவே நடைபாதையில் படுக்கை போடுகிறார்கள். மொத்தத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் 1,30,000 பேருக்கும் மேல். நுழைவுச்சீட்டு வாசலில் கிடைக்காது. பல மாதம் முன்பே இணையத்தில் பதிவு செய்துவிட்டு அதிர்ஷ்டம் அழைக்குமா என்று காத்திருக்க வேண்டும். பணம் இருக்கிறது என்பதற்காக யாரும் உள்ளே போய்விட முடியாது. கொஞ்சம் நியாயமான ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

நெரிசலுக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 2012-இல் ‘ட்விலைட்’ பட நிகழ்ச்சிக்காக வரிசையில் இடம் போட்டிருந்த ரசிகை ஒருவர், மையத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்துபோனார். இடம் போதவில்லை என்று பேசுகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

கட்டில் சின்னது, பிள்ளை பெரியது

இடம் போதாது என்ற குரல் 2010-இல் உச்சத்துக்குப் போனது. லாஸ் ஏஞ்சலஸும் அனஹைமும் வெளிப்படையாகவே விலை பேசின. சான் டியாகோ அரண்டது. தள்ளுபடி விலையில் கூடுதல் அறைகள் தர ஹோட்டல்கள் ஒப்புக்கொண்டன. கூடுதல் கூட்ட அறைகளுக்கும் வழி செய்தார்கள். அந்த செப்டம்பர் இறுதியில் அமைப்பாளர்கள் ‘இங்கேயே இருக்கிறோம், 2015 வரை’ என்று அறிவித்தார்கள்.

அந்த ‘வரை’யைக் கவனியுங்கள். 2015 வரை, 2016 வரை, 2018 வரை, 2021 வரை, 2024 வரை, 2025 வரை. 2024-இல் பேசி முடித்தது 2027 வரை. பத்து வருடம், இருபது வருடம் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தவணை முடியும் முன் ஒரு முணுமுணுப்பு, ஒரு பேச்சு, ஒரு நீட்டிப்பு. நம்ம ஊர்க் கூட்டணிக் கட்சிகள் இவர்களிடம் பாடம் படிக்கலாம்.

நடுவில் மையத்தை மறுபடி பெரிதாக்கும் திட்டமும் இழுபறியானது. சுமார் 52 கோடி டாலர் திட்டம். அதற்கு வரி போட மக்களைக் கேட்காமல், ஹோட்டல் உரிமையாளர்களின் வாக்கெடுப்பை மட்டும் நடத்தி முடித்தது நகரசபை. செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் தூக்கி எறிந்தது. 2020 மார்ச்சில் மக்களிடமே போனார்கள்: ஹோட்டல் அறைகள் மீதான வரியை உயர்த்துவோம், வரும் பணத்தை மையத்துக்கும் வீடற்றோர் நலனுக்கும் சாலைகளுக்கும் பிரித்துக் கொடுப்போம். ஆதரவு 65 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று கேட்டது விதி. மயிரிழையில் போச்சு என்று எல்லோரும் தலையில் கைவைத்த பிறகு, குடிமக்கள் மனு போட்டுக் கொண்டுவந்த தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று வாதாடி, வழக்குகளைக் கடந்து, ஒரு வழியாக 2025 மே 1-இல் புதிய வரி அமலானது. அதுவரை 10.5 சதவீதமாக இருந்த வரி, நகர மையத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 11.75 முதல் 13.75 சதவீதம் வரை ஆனது. மையத்துக்கு அருகே உள்ள ஹோட்டலுக்குத்தான் அதிக வரி. அதாவது, காமிக்-கானுக்கு வருகிறவர் அறைக்குத்தான்.

அறை வாடகை என்னும் வில்லன்

இடப் பற்றாக்குறையை எப்படியோ சமாளித்துவிட்டார்கள். பக்கத்து ஹோட்டல்களின் கூடங்கள், பேஸ்பால் மைதானம், கடற்கரைப் புல்வெளி, கேஸ்லாம்ப் கடைகள் என்று திருவிழா வெளியே வழிந்தது. இன்று நுழைவுச்சீட்டு இல்லாதவர்கூட ஊருக்குள் சும்மா நடந்தாலே பாதித் திருவிழாவைப் பார்த்துவிடலாம். சமாளிக்க முடியாதது வேறொன்று: தங்குமிடம்.

ஏற்பாடு இப்படி. ஹோட்டல்களிடம் பேசி, ஒரு தொகுதி அறைகளைக் குறைந்த வாடகைக்கு அமைப்பாளர்கள் வாங்கி வைக்கிறார்கள். குறிப்பிட்ட நாளில் இணையத்தில் படிவம் திறக்கும். விருப்பமான ஹோட்டல்களை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டுக் கடவுளை வேண்ட வேண்டியதுதான். கிடைத்தவர் பாக்கியசாலி. கிடைக்காதவர் திறந்த சந்தைக்குப் போக வேண்டும். அங்கே அதே அறை, அதே கட்டில், அதே ஜன்னல். வாடகை மட்டும் பல மடங்கு. தீபாவளிக்கு முந்தைய நாள் ஆம்னி பஸ்ஸில் மதுரைக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தொகுதிக்குக் குறைவாக அறை கொடுத்து, சந்தைக்கு அதிகமாக வைத்துக்கொள்ளும் ஹோட்டல்தான் லாபம் பார்க்கும். நியாயமாக நடப்பவன் நஷ்டப்படும் ஏற்பாடு இது. நாளடைவில் எல்லோரும் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கலிஃபோர்னியாவில் அவசரநிலை அறிவித்த காலத்தில் விலையை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் குற்றம். திருவிழா அவசரநிலை ஆகாதே! எனவே சட்டம் கைகட்டி நிற்கிறது.

காமிக்-கானின் செய்தித் தொடர்பாளர் டேவிட் கிளான்சர் 2024-இல் இதைப் பகிரங்கமாகவே பேசினார். வாடகை இப்படியே ஏறி, ரசிகர்கள் வர முடியாமல் போனால் வேறு ஊரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் அவர் சொன்னதை ஊர் சரியாகவே புரிந்துகொண்டது. 2027 வரையிலான நீட்டிப்பு அறிவிப்பும் அதே வருடம் ஜூலையிலேயே வந்தது.

என் கணிப்பில் இந்த மிரட்டல் நியாயமானது. இந்தத் திருவிழாவை நடத்துவது லாப நோக்கமற்ற அமைப்பு. நியூயார்க் காமிக் கானை நடத்தும் ரீட்பாப் போல வணிக நிறுவனம் இல்லை. விலையை அடக்க இவர்களிடம் வேறு ஆயுதமும் இல்லை. போய்விடுவேன் என்று சொல்வதுதான் இருக்கிற ஒரே துருப்புச்சீட்டு. ஆனால் துருப்புச்சீட்டைக் காட்டுவது வேறு, இறக்கிவிடுவது வேறு.

போனால் எங்கே?

லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 190 கிலோமீட்டரில் இருக்கிறது. ஸ்டுடியோக்கள் அங்கே, நட்சத்திரங்கள் அங்கே. கண்காட்சி மையத்தைப் பெரிதாக்க அந்த ஊர் நகரசபை 2025-இல் சுமார் 260 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 2028 ஒலிம்பிக்கில் சில போட்டிகளும் அங்கே நடக்கவிருக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் நட்சத்திரங்களுக்கு வீட்டு வாசலில் நடக்கும் நிகழ்ச்சி இன்னொரு பிரீமியர் ஷோவாகத்தான் ஆகும். பேசி முடித்ததும் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். சான் டியாகோவிலோ அவர்களும் அங்கேயே தங்க வேண்டும், அதே தெருவில் சாப்பிட வேண்டும். முகமூடி போட்டுக்கொண்டு நடிகர்கள் கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றிய கதைகள் அங்கிருந்துதான் வருகின்றன.

அனஹைமின் மையம் மேற்குக் கடற்கரையிலேயே பெரியது. ஆனால் பக்கத்திலேயே டிஸ்னிலேண்ட். ஜூலை அதற்கும் சீசன். அறை வாடகைக்குப் பயந்து ஓடுகிறவர் டிஸ்னியின் நிழலில் ஒதுங்குவதில் என்ன லாபம்? மார்வெலும் டிஸ்னியின் சொத்து. போட்டி நிறுவனங்கள் அந்த மண்ணில் எவ்வளவு ஆசையாகக் கடை விரிக்கும் என்பதும் கேள்விதான்.

லாஸ் வேகஸில் சுமார் 1,50,000 ஹோட்டல் அறைகள் இருக்கின்றன. வாடகைப் பிரச்சினை அங்கே பாதியாகக் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜூலையில் அது பாலைவனம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ரப்பரும் ஃபோமும் வைத்துத் தைத்த கவசத்தை மாட்டிக்கொண்டு அங்கே தெருவில் நடந்தால் பத்து நிமிடத்தில் அயர்ன் மேன் ஆம்புலன்ஸில் போவார். சான் டியாகோவில் அதே மாதம் 25 டிகிரியை ஒட்டித்தான். விமான நிலையமும் மையத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர்.

மூன்று ஊருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மண்டபம் பெரிதாகக் கிடைக்கும், ஊர் கிடைக்காது. வாசலைத் தாண்டினால் கடைத்தெரு, கடைத்தெரு முழுக்கத் திருவிழா என்ற அமைப்பு அந்த மூன்றிலும் இல்லை.

போனவர்கள் கதை

இடம்பெயர்ந்த விழாக்களின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. வீடியோ கேம் உலகின் பெரிய கண்காட்சியாக இருந்த ஈ3, லாஸ் ஏஞ்சலஸை விட்டு 1997-இலும் 98-இலும் அட்லாண்டாவுக்குப் போனது. 1999-இல் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

காமிக்-கான் அமைப்பே நடத்தும் இன்னொரு விழா வொண்டர்கான். ஓக்லாண்டில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தது. அங்கே மண்டபப் பராமரிப்பு வேலை என்று 2012-இல் அனஹைமுக்குத் தற்காலிகமாகப் போனவர்கள், நடுவில் ஒரு வருடம் லாஸ் ஏஞ்சலஸ், மற்றபடி அனஹைமே என்று நின்றுவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் அதே மண்டபத்தில் இப்போது வேறொரு நிறுவனம் வேறொரு விழா நடத்துகிறது. காலியான இடம் காத்திருக்காது.

எல்லாவற்றையும்விடச் சுவையானது இத்தாலியின் லூக்கா. 1966 முதல் அந்தச் சிறிய கோட்டை நகரத்தில் நடந்துவந்த காமிக்ஸ் விழாவை, தொண்ணூறுகளின் நடுவில் தலைநகர் ரோமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். லூக்காக்காரர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. சொந்தமாக ஒரு விழாவைத் தொடங்கினார்கள். 2006-இல் அதை ஊருக்கு வெளியே இருந்து மதில்களுக்குள்ளே, பழைய சதுக்கங்களுக்கே கொண்டுவந்தார்கள். 2022-இல் மூன்று லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. ரோமுக்குப் போன விழாவை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

சான் டியாகோ அமைப்பாளர்களுக்கு இது தெரியாததல்ல. பெயர் தங்கள் கையில் இருக்கிறது என்ற தைரியம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பெயரைப் பயன்படுத்திய சால்ட் லேக் சிட்டிக்காரர்கள் மீது வழக்குப் போட்டு 2017-இல் ஜெயித்தவர்கள். (2024-இல் சென்னை வர்த்தக மையத்தில் நடந்த காமிக் கானுக்கும் இவர்களுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், அது இங்குள்ள வேறு நிறுவனத்தின் விழா.) பெயரை வெளிநாட்டுக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். 2025 செப்டம்பரில் ஸ்பெயினின் மலகாவில் சான் டியாகோ காமிக்-கான் என்ற பெயரிலேயே ஒரு விழா நடந்தது. கூட்டம் அள்ளியது. கூடவே வெயிலில் மணிக்கணக்கில் க்யூவில் நின்றோம் என்ற புலம்பலும் அள்ளியது.

காமிக்ஸ் எங்கே சார்?

இந்தச் சண்டையில் யாரும் கேட்காத ஆட்கள் இருக்கிறார்கள். டென்வரைச் சேர்ந்த மைல் ஹை காமிக்ஸ், பழைய இதழ்கள் விற்பதில் அமெரிக்காவின் பெரிய பெயர். அதன் உரிமையாளர் சக் ரோசான்ஸ்கி 44 வருடம் சான் டியாகோவில் கடை போட்டவர், 2017-இல் ‘இனி வரமாட்டேன்’ என்று விலகினார். செலவு ஏறிக்கொண்டே போகிறது, விற்பனை இறங்கிக்கொண்டே போகிறது என்பது அவர் கணக்கு. டிரெய்லர் பார்க்க வருகிறவர் பழைய இதழைப் புரட்டுவதில்லை. அவர் நின்ற இடத்தில் பிளாஸ்டிக் பொம்மைக்காக ஆயிரம் பேர் நிற்பார்கள்.

ஊரை மாற்றினால் இந்த நோய் தீருமா? லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனால் முற்றும். இன்றைக்கும் சான் டியாகோவில் ஓவியர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, கேட்டவருக்கு அங்கேயே வரைந்து கொடுக்கும் பகுதி இருக்கிறது. காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் பெயரிலான விருதுகள் அங்கேதான் வழங்கப்படுகின்றன. பால்போவா பூங்காவில் 2021-இல் திறந்த காமிக்-கான் அருங்காட்சியகம் வருடம் முழுக்க இயங்குகிறது. ஸ்டுடியோக்களோ வருடத்துக்கு வருடம் மனம் மாறுகிறவர்கள். 2023-இலும் 2025-இலும் மார்வெல் படங்களுக்கு ஹால் ஹெச்சில் நிகழ்ச்சியே இல்லை. டிஸ்னி சொந்த ரசிகர் விழா வைத்திருக்கிறது, நெட்ஃபிளிக்ஸும் வைத்திருக்கிறது. வீட்டிலேயே கல்யாண மண்டபம் கட்டிவிட்டவர்களை நம்பியா ஊர் மாறுவது?

எனவே என் தீர்ப்பு: காமிக்-கான் சான் டியாகோவை விட்டுப் போகக் கூடாது. அதே சமயம், அங்கேயே நிரந்தரமாக இருப்போம் என்று எழுதியும் கொடுக்கக் கூடாது. இரண்டு, மூன்று வருட ஒப்பந்தம் அசிங்கமாகத் தெரியலாம். அறை வாடகையை இழுத்துப் பிடிக்கும் கயிறு அது ஒன்றுதான்.

2027-க்குப் பிறகு என்ன என்ற பேச்சில் அமைப்பாளர்கள் கேட்க வேண்டியது பெரிய மண்டபம் இல்லை. மையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒவ்வொரு ஹோட்டலும் தன் அறைகளில் எத்தனை சதவீதத்தைத் தொகுதிக்குத் தரும், மிச்ச அறைகளின் வாடகை எந்த எல்லையைத் தாண்டாது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ஜூலையில் காலியாகக் கிடக்கும் கல்லூரி விடுதி அறைகளை மாணவர்களுக்கும் இளம் ஓவியர்களுக்கும் திறந்துவிடச் சொல்ல வேண்டும். புதிய வரியில் மையத்துக்கு வரும் பங்கு எந்த வருடம் எந்த வேலைக்குப் போகும் என்று நகரசபை தேதி போட்டுச் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் வாங்காமல் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், வாடகை தாங்காமல் வராமல் போகிற ரசிகனுக்கு அமைப்பாளர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.